நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா: பட்டியல் மட்டும் போதாது, சாப்பாட்டுக் கணக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் அறிவியல் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களில் நானும் ஒருவர். நுண்ணுயிர்களைப் பற்றி நீங்கள் வெளியிடும் கட்டுரைகளில் ஒரு விஷயம் மட்டும் திரும்பத் திரும்ப உறுத்துகிறது, அதனால்தான் இந்தக் கடிதம். எந்தக் கட்டுரையை எடுத்தாலும் இந்த பாக்டீரியா நல்லது, அந்த பாக்டீரியா கெட்டது, நோயாளிகளிடம் இது அதிகம், ஆரோக்கியமானவர்களிடம் அது அதிகம் என்ற பட்டியலோடு முடிந்துவிடுகிறது. யார் யார் இருக்கிறார்கள் என்ற ஆள்கணக்கு தெரிந்தால் போதுமா? அந்தக் கூட்டத்தில் யார் எதைச் சாப்பிடுகிறார்கள், எதை வெளியே தள்ளுகிறார்கள், தள்ளியதை யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்க்காமல் ஒன்றுக்கு நல்ல பெயரும் இன்னொன்றுக்குக் கெட்ட பெயரும் கொடுப்பது சரியில்லை. நுண்ணுயிர்களின் வளர்சிதை மாற்றத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. இரண்டு நுண்ணுயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுமா, ஒன்றையொன்று நசுக்குமா என்பது அவற்றின் பிறவிக் குணம் இல்லை, அந்த நேரத்தில் அவற்றுக்குக் கிடைக்கும் உணவைப் பொறுத்து அது மாறும். இந்த ஒரு விஷயம் உங்கள் வாசகர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

முதலில் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கம்ப்யூட்டர் மாதிரி (மாடல்) என்றதும் பலர் இதைச் செயற்கை நுண்ணறிவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. ஏராளமான தரவைக் கொட்டி அதில் ஏதாவது போக்கு தெரிகிறதா என்று தேடும் வேலை இதில் கிடையாது. ஒரு நுண்ணுயிரின் ஜீனோமை, அதாவது அதன் மரபணுத் தொகுப்பு முழுவதையும் படித்து, அதில் எந்தெந்த நொதிகளுக்கான மரபணுக்கள் இருக்கின்றன என்று பார்த்து, ஒவ்வொரு நொதியும் எந்த வேதிவினையைச் செய்யும், எத்தனை மூலக்கூறு உள்ளே போனால் எத்தனை வெளியே வரும் என்று ஒவ்வொன்றாக எழுதி, எல்லாவற்றையும் ஒரு பெரிய அட்டவணையில் அடுக்குவார்கள். 1995-ல் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயென்சே என்ற பாக்டீரியாவின் ஜீனோம் வெளிவந்தது. தனித்து வாழக்கூடிய ஓர் உயிரின் ஜீனோம் முழுதாகப் படிக்கப்பட்டது அதுதான் முதல் முறை. நான்கே வருடத்தில், 1999-ல், ஜெரமி எட்வர்ட்ஸும் பெர்ன்ஹார்ட் பால்சனும் அதே பாக்டீரியாவுக்கு முழு ஜீனோம் அளவிலான வளர்சிதை மாதிரியைக் கட்டிவிட்டார்கள். அடுத்த வருடமே, குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்கு ஒன்று வந்தது. அதன் பிறகு பலர் சேர்ந்து அந்த ஈ.கோலை மாதிரியைத் திருத்திக்கொண்டே வந்தார்கள், 2017-ல் வெளியான பதிப்பில் 1,515 மரபணுக்களும் 2,712 வேதிவினைகளும் இருக்கின்றன. ஈ.கோலையின் மொத்த மரபணுக்கள் சுமார் 4,300 என்பதால், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இந்த அட்டவணைக்குள் வந்துவிட்டது என்று பொருள்.

அட்டவணை தயாரான பிறகு விதி ரொம்ப எளிது. செல்லுக்குள் எந்தப் பொருளும் தேங்கக் கூடாது, எவ்வளவு உண்டாகிறதோ அவ்வளவும் செலவாகிவிட வேண்டும், ஒரு கடையின் வரவு செலவு நோட்டு நாள் முடிவில் சரியாக நேராவதைப் போல. இந்த விதிக்கு உட்பட்டு செல் நடந்துகொள்ள எண்ணற்ற வழிகள் இருக்கும், அவற்றில் எந்த வழியில் போனால் செல் அதிக வேகமாக வளரும் என்று தேட வேண்டும், தேடுவதற்கு லீனியர் புரோகிராமிங் என்ற கணித முறை உதவுகிறது. இந்த முறையைத் தொடக்கத்தில் சோதித்துப் பார்த்ததே ஒரு சாப்பாட்டுக் கணக்கில்தான் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி: 77 உணவுப் பொருட்களில் எதை எவ்வளவு வாங்கினால் 9 சத்துக்களும் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் என்பதை 1947-ல் ஒன்பது எழுத்தர்கள் மேசைக் கணக்கு இயந்திரங்களோடு உட்கார்ந்து போட்டார்கள், ஓர் ஆள் தனியாகச் செய்திருந்தால் 120 நாள் பிடித்திருக்கும். இன்றைக்கு ஈ.கோலையின் 2,712 வினைகளுக்கும் ஒரு சாதாரண லேப்டாப் கண்மூடித் திறப்பதற்குள் விடை சொல்லிவிடுகிறது.

விடை எப்படி இருக்கும் என்று ஒன்றைக் கிட்டத்தில் பார்க்கலாம். மாணவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதற்கென்றே ஈ.கோலைக்கு ஒரு சுருக்கமான மாதிரி இருக்கிறது, 95 வினைகள், 72 பொருட்கள், 137 மரபணுக்கள், அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கி ஓட்டிப் பார்க்கலாம். உலர்ந்த எடையில் ஒரு கிராம் செல்லுக்கு மணிக்கு 10 மில்லிமோல் குளுக்கோஸ், அதாவது 1.8 கிராம், எடுத்துக்கொள்ள அனுமதித்து, ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிட்டால், வளர்ச்சி வேகம் மணிக்கு 0.87 என்று வரும். கூட்டம் இரட்டிப்பாக சுமார் 48 நிமிடம். வெளியே போகும் கார்பன் எல்லாம் கார்பன் டை ஆக்சைடாகத்தான் போகும். இப்போது வேறு எதையும் தொடாமல், ஆக்சிஜனுக்கான ஒரே ஓர் எண்ணை மட்டும் பூஜ்யமாக்குங்கள். வளர்ச்சி 0.21-க்கு விழுந்துவிடும், இரட்டிப்பாக மூன்றேகால் மணி நேரம் பிடிக்கும். கூடவே மணிக்கு 8.5 மில்லிமோல் அசிட்டேட், 8.3 மில்லிமோல் எத்தனால், 17.8 மில்லிமோல் ஃபார்மேட் வெளியே கொட்ட ஆரம்பிக்கும். இப்படிக் கொட்டு என்று யாரும் மாதிரிக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. குளுக்கோஸிலிருந்து எடுத்த எலக்ட்ரான்களை இறக்கிவைக்க ஆக்சிஜன் இல்லை, அதனால் அவற்றை ஏதாவது ஒரு பொருளின் மேல் ஏற்றி வெளியே அனுப்பியாக வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு நேராகாது, அவ்வளவுதான் காரணம். காற்றில்லாமல் வளரும் உண்மையான ஈ.கோலையும் இந்தப் பொருட்களைத்தான் வெளியே விடுகிறது.

இந்த மூன்று பொருட்களையும் பாருங்கள். ஈ.கோலைக்கு அவை கழிவு. ஆனால் அசிட்டேட்டையே முழு உணவாக வைத்து வாழும் பாக்டீரியா இருக்கிறது, ஃபார்மேட்டில் வாழும் நுண்ணுயிர் இருக்கிறது. ஒரு செல்லின் கணக்கில் கடைசி வரியில் வெளியே போன எண், பக்கத்துச் செல்லின் கணக்கில் முதல் வரியில் உள்ளே வருகிற எண் ஆகிவிடுகிறது. நுண்ணுயிர்க் கூட்டத்தை மாதிரியாக்குவது என்றால் அடிப்படையில் இதுதான், இரண்டு மூன்று அட்டவணைகளை எடுத்து நடுவில் ஒரு பொது இடத்தை வைத்து இணைப்பது. 2007-ல் இதை முதன்முதலாக இரண்டு உயிர்களுக்குச் செய்தார்கள். ஒன்று டெசல்ஃபோவிப்ரியோ வல்காரிஸ் என்ற பாக்டீரியா, மற்றொன்று மெத்தனோகாக்கஸ் மரிபலுடிஸ் என்ற, மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா, அதாவது பாக்டீரியா போலவே ஒற்றைச் செல்லாக வாழும் வேறொரு பிரிவு உயிர். சல்ஃபேட் இல்லாத இடத்தில் முதலாவது லாக்டேட்டைச் சாப்பிட்டு அசிட்டேட்டையும் ஹைட்ரஜனையும் விடும், ஆனால் ஹைட்ரஜன் சேர்ந்துகொண்டே போனால் அந்த வினையில் ஆற்றல் கிடைக்காமல் நின்றுபோகும். இரண்டாவது அந்த ஹைட்ரஜனை உடனுக்குடன் எடுத்து மீத்தேன் ஆக்குகிறது. இரண்டுமே பிழைக்கின்றன. இவற்றுக்கிடையே எலக்ட்ரான்களைச் சுமந்து போவது ஹைட்ரஜனா ஃபார்மேட்டா என்று ஒரு கேள்வி இருந்தது. மாதிரியில் ஃபார்மேட் பரிமாற்றத்தை அடைத்தார்கள், கூட்டம் வளர்ந்தது. ஹைட்ரஜன் பரிமாற்றத்தை அடைத்தார்கள், வளரவில்லை. இந்தத் தெளிவு கம்ப்யூட்டரில் கிடைப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது, சோதனைச் சாலையில் ஒரு வாயுவை மட்டும் இரண்டு செல்களுக்கு இடையில் தடுத்து நிறுத்துவது லேசான காரியம் இல்லை.

இங்கே தாராள மனசு, தியாகம் என்றெல்லாம் எழுதத் தேவையே இல்லை, ஆனால் பத்திரிகைக் கட்டுரைகளில் நுண்ணுயிர்களின் ஒத்துழைப்பு என்றதும் அந்த மாதிரி வார்த்தைகள் வந்துவிடுகின்றன. 2019-ல் வெளியான ஓர் ஆய்வில் 24 இனங்களை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, பல வகை உணவுச் சூழல்களில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை கணக்கை ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு செல் தன் வளர்ச்சியைத் துளியும் இழக்காமல் வெளியே விடக்கூடிய பொருட்கள் ஏராளமாக இருப்பது தெரிந்தது. அதைவிட முக்கியமாக, ஆக்சிஜன் இல்லாத சூழலில் இப்படிப்பட்ட செலவில்லாத கழிவுகள் கூடுகின்றன, அதனால் பரஸ்பர உதவிக்கான வாய்ப்பும் கூடுகிறது. மேலே சொன்ன ஈ.கோலை கணக்கை ஒருமுறை நினைத்துக்கொண்டால் இது ஏன் என்று சட்டென்று புரியும். பெருங்குடல், சேற்று அடித்தளம், சாண எரிவாயுக் கலம் போன்ற காற்றில்லா இடங்களில் நுண்ணுயிர்கள் அவ்வளவு அடர்த்தியாக ஒன்றையொன்று சார்ந்து கிடப்பதைப் புரிந்துகொள்ள இதுவும் ஒரு வழி.

அதற்கு முன்பே, 2010-ல், நீல்ஸ் கிளிட்கார்டும் டேனியல் செக்ரேயும் கேள்வியைத் தலைகீழாகக் கேட்டார்கள். இந்த இரண்டு இனங்களும் நண்பர்களா என்று கேட்காமல், எந்த உணவைக் கொடுத்தால் இந்த இரண்டும் நண்பர்கள் ஆகும் என்று தேடினார்கள். தனித்தனியாக வைத்தால் வளராது, சேர்த்து வைத்தால் மட்டும் வளரும், அப்படிப்பட்ட உணவுக் கலவைகளை மாதிரிகளை வைத்துத் தேடிப் பிடிப்பது நினைத்ததைவிட எளிதாகவே இருந்தது. மரபணு எதையும் மாற்றவில்லை, உணவை மட்டும்தான் மாற்றினார்கள். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் வந்த கருத்துகளிலேயே பொதுமக்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான். ஒரே ஜோடி, சர்க்கரை தாராளமாக இருக்கும் இடத்தில் அடித்துக்கொள்ளும், ஒவ்வொன்றுக்கும் எதோ ஒரு சத்து குறைகிற இடத்தில் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கும். அப்படியிருக்க, உணவைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் இந்த பாக்டீரியா அந்த பாக்டீரியாவுக்கு எதிரி என்று தலைப்புப் போட்டால் வாசகர் என்னதான் புரிந்துகொள்வார்?

குடலையே எடுத்துக்கொள்வோம், உங்கள் கட்டுரைகளில் அதிகம் வருவது அதுதான். பெருங்குடலின் சுவர்ச் செல்களுக்கு பியூட்டிரேட் முக்கியமான எரிபொருள் என்று எழுதுகிறீர்கள், அது உண்மை. அடுத்த பத்தியிலேயே பிஃபிடோபாக்டீரியம் நல்லது, அதைப் பெருக்க வேண்டும் என்று வருகிறது. ஆனால் பிஃபிடோபாக்டீரியத்துக்கு பியூட்டிரேட் தயாரிக்கத் தெரியாது. அது நார்ச்சத்தை உடைத்து அசிட்டேட்டும் லாக்டேட்டும் விடும், ஃபீகாலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி போன்ற வேறு பாக்டீரியா அந்த அசிட்டேட்டை எடுத்துக்கொண்டு பியூட்டிரேட் தரும். இந்த இரண்டையும் இணைத்துப் போட்ட மாதிரிகள் பத்து வருடத்துக்கு முன்பே வந்துவிட்டன. முதலாவதை எவ்வளவு பெருக்கினாலும் இரண்டாவது அங்கே இல்லை என்றால், அல்லது இருந்தும் அதற்கு வேறு ஏதோ ஒரு சத்து கிடைக்கவில்லை என்றால், பியூட்டிரேட் கூடாது. இதைச் சொல்ல இடம் அதிகம் தேவையில்லை, இரண்டு வாக்கியம் போதும், ஆனால் அந்த இரண்டு வாக்கியம் இல்லாததால்தான் மாத்திரை வடிவில் ஒரே ஓர் இனத்தை விழுங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவுகிறது.

சரி, தனி செல்லுக்கு அதிக வேகமாக வளர்வதுதான் நோக்கம் என்று வைத்துக்கொண்டோம். ஒரு கூட்டத்துக்கு என்ன நோக்கம்? இதில்தான் ஆய்வாளர்களுக்கிடையே இன்னும் உடன்பாடு இல்லை, இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மொத்தக் கூட்டத்தின் வளர்ச்சியை அதிகமாக்கு என்று கம்ப்யூட்டரிடம் சொன்னால், அது ஓர் இனத்தை முழுக்கப் பட்டினி போட்டு, அந்த இனம் தனக்கு நஷ்டமாக இன்னொன்றுக்கு உணவு தயாரித்துக் கொடுப்பதாகக்கூட விடை தரும். கணக்குப்படி சரி, இயற்கையில் அப்படி நடக்க ஒரு செல்லுக்கும் அவசியமில்லை. இதைச் சமாளிக்க 2012-ல் வந்த ஆப்ட்காம் என்ற முறை ஒவ்வோர் இனத்தின் நலனையும் கூட்டத்தின் நலனையும் இரண்டு அடுக்காக வைத்தது. 2017-ல் வந்த ஸ்டெடிகாம், நிலையான கூட்டம் என்றால் எல்லா இனங்களும் ஒரே வேகத்தில்தான் வளர முடியும், இல்லாவிட்டால் ஒன்று மற்றதை மூழ்கடித்துவிடும் என்ற நியாயமான விதியைச் சேர்த்தது. 2020-ல் வந்த மைகாம், கூட்டத்தின் உச்ச வளர்ச்சியில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து, மீதியை எல்லோருக்கும் பரவலாகப் பங்கிடப் பார்த்தது. எனக்குப் பிடித்தது 2014-ல் வந்த காமெட்ஸ் வழி. அதில் கூட்டத்துக்கென்று நோக்கமே கிடையாது. இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, நேரத்தையும் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வோர் இனமும் அந்த நொடியில் அந்தக் கட்டத்தில் கிடைப்பதைத் தனக்காக மட்டும் சாப்பிட்டு வளர விட்டுவிடுவார்கள். சாப்பிட்டது குறையும், கழிவு பக்கத்துக் கட்டத்துக்குப் பரவும், அடுத்த துண்டில் மறுபடியும் கணக்கு. ஒத்துழைப்பு வந்தால் அது தானாக வர வேண்டும். மெதுவான வழிதான், ஆனால் நாம் விரும்புகிற முடிவை முன்கூட்டியே உள்ளே வைக்காத வழி.

காமெட்ஸை வெறும் திரையில் ஓட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதும் எனக்கு அதன் மேல் மதிப்பு வரக் காரணம். மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கத் தெரியாத ஓர் ஈ.கோலை, லாக்டோஸைச் சாப்பிடத் தெரியாத ஒரு சால்மொனெல்லா, இரண்டையும் லாக்டோஸ் தட்டில் சேர்த்து வைத்தார்கள். ஈ.கோலை லாக்டோஸைச் சாப்பிட்டு அசிட்டேட் விட்டது, சால்மொனெல்லா அதைச் சாப்பிட்டு மெத்தியோனின் கொடுத்தது. எந்த விகிதத்தில் ஆரம்பித்தாலும் இரண்டும் கடைசியில் எந்த விகிதத்தில் வந்து நிற்கும் என்று கணக்கு முன்கூட்டியே சொன்னது, தட்டில் எண்ணிப் பார்த்தபோது ஒத்துவந்தது. பிறகு மெத்தில்அமீனிலிருந்து நைட்ரஜனை எடுத்துத் தரும் மூன்றாவது பாக்டீரியாவைச் சேர்த்து அந்தக் கூட்டத்தின் கலவையையும் முன்கூட்டிச் சொல்லிச் சரிபார்த்தார்கள். இன்னோர் உதாரணம் விண்வெளியிலிருந்து. சர்வதேச விண்வெளி நிலையத்தின் பரப்புகளில் கிடைத்த நுண்ணுயிர்களை வைத்து சென்னை ஐ.ஐ.டி.யும் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகமும் சேர்ந்து 2022-ல் ஓர் ஆய்வு வெளியிட்டன. அங்கே அதிகம் காணப்பட்ட கிளெப்சியெல்லா நிமோனியே, பான்டோயியா போன்ற தன் உறவுக்கார பாக்டீரியாக்களுக்குத் துணையாகவும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்குத் தொல்லையாகவும் இருக்கும் என்று கணக்கு சொன்னது, பூஞ்சை விஷயத்தைச் சோதனைச் சாலையில் சாதாரண ஈர்ப்பிலும் நுண்ஈர்ப்பு போன்ற சூழலிலும் வளர்த்துப் பார்த்தே உறுதிசெய்தார்கள். நிமோனியா உண்டாக்கக்கூடியது என்று நாம் கெட்ட பட்டியலில் போட்டுவிட்ட ஓர் உயிர்தான் இது.

ஜீனோம் அளவு மாதிரி இல்லை என்றாலும், வளர்சிதைக் கணக்கின் வலிமைக்கு நைட்ரஜன் கதையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குவது ஒரு வகை பாக்டீரியா, நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குவது இன்னொரு வகை என்று 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி காட்டியதிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடப்புத்தகங்களில் இருந்தது. ஒரே செல் இரண்டு வேலையையும் செய்தால் அதிக ஆற்றல் கிடைக்குமே, ஏன் பங்கு பிரித்துக்கொள்கின்றன என்று 2006-ல் மூன்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வேகமாக வளர வேண்டிய இடத்தில் குறுகிய பாதைக்காரர்கள் ஜெயிப்பார்கள், ஆனால் மெதுவாக, கூட்டமாக ஒட்டிப் படலமாக வளரும் இடங்களில் முழுப் பாதையையும் தானே செய்கிற சிக்கனமான ஒரு பாக்டீரியா இருந்தாக வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். அப்போது அப்படி ஒன்றை யாரும் கண்டதில்லை. 2015-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன, இரண்டுமே நைட்ரோஸ்பைரா இனம், ஒன்று மீன் வளர்ப்பு அமைப்பின் வடிகட்டியிலிருந்து, இன்னொன்று ஆழமான எண்ணெய் ஆய்வுக் கிணற்றின் சுடுநீர்க் குழாயில் படிந்திருந்த படலத்திலிருந்து. கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் வேலை செய்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

இவ்வளவு சொல்லிவிட்டு குறைகளைச் சொல்லாமல் போனால் அது நேர்மையாகாது, அதோடு இனிமேல்தான் உங்கள் செய்தியாளர்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் வருகிறது. ஈ.கோலை மாதிரி பல வருடம் பலர் உட்கார்ந்து வரிவரியாகத் திருத்தியது. இப்போது ஒரு ஜீனோமைக் கொடுத்தால் சில நிமிடங்களில் மாதிரி தயாரித்துத் தரும் மென்பொருள்கள் வந்துவிட்டன. மனிதக் குடல் நுண்ணுயிர்களுக்கான அகோரா என்ற தொகுப்பில் 2017-ல் 773 மாதிரிகள் இருந்தன, 2023-ல் வந்த இரண்டாம் பதிப்பில் 7,302. அந்த உழைப்பு பெரிது, நான் குறைத்துச் சொல்லவில்லை, அவர்கள் ஏராளமான ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் திருத்தங்களும் செய்திருக்கிறார்கள். ஆனாலும் ஆயிரக்கணக்கான இனங்களுக்கு ஈ.கோலை அளவுக்குச் சோதனைத் தகவல் உலகத்திலேயே கிடையாது.

தானியங்கி மாதிரிகளில் ஒரு குறிப்பிட்ட ஆபத்து உண்டு. முதலில் தயாராகும் அட்டவணையில் ஓட்டைகள் இருக்கும், அதனால் கணக்கில் செல் வளராது. உடனே மென்பொருள், மரபணு ஆதாரம் இல்லாவிட்டாலும், வளர்வதற்குத் தேவையான சில வினைகளைத் தானே சேர்த்து ஓட்டையை அடைத்துவிடும். சில சமயம் அது நியாயம்தான், நொதி இருக்கும், மரபணு எது என்று நமக்குத் தெரியாமல் இருக்கும். ஆனால் அந்த பாக்டீரியா உண்மையிலேயே ஒரு அமினோ அமிலத்தையோ வைட்டமினையோ தயாரிக்கத் தெரியாமல் பக்கத்து இனத்திடம் வாங்கிச் சாப்பிடுகிற ரகமாக இருந்தால்? ஓட்டையை அடைத்த அந்த நிமிடமே, நாம் எதைக் கண்டுபிடிக்கப் போனோமோ அந்த உறவே அழிந்துபோகும். கூட்டத்தை ஆராயும்போது இதைவிட மோசமான தவறு இருக்க முடியாது. அப்புறம், செல் சவ்வு வழியே பொருட்களை உள்ளே வெளியே கடத்தும் புரதங்கள், இவற்றின் மரபணுக்களைச் சரியாக அடையாளம் காண்பது இன்றும் பலவீனமாகவே இருக்கிறது, ஆனால் பரிமாற்றம் முழுக்க அவற்றின் வழியாகத்தான் நடக்கிறது. 2016-ல் கிரெய்க் வென்டர் நிறுவனத்தில் 473 மரபணுக்கள் மட்டுமே கொண்ட மிகச் சிறிய செல்லைக் கட்டினார்கள், உயிர் வாழ இன்றியமையாதவை என்று பொறுக்கி எடுத்த அந்த மரபணுக்களிலேயே 149-க்கு என்ன வேலை என்று அப்போது தெரியவில்லை. இதுதான் நாம் நிற்கிற நிலம்.

2024-ல் ஒரு மதிப்பீடு வெளியானது, உங்கள் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி வந்ததாக நான் பார்க்கவில்லை. பிரபலமான கூட்டு மாதிரிக் கருவிகளை எடுத்து, அவை சொல்லும் வளர்ச்சி வேகங்களையும் இனங்களுக்கிடையேயான உறவின் வலிமையையும், சோதனைச் சாலையில் தனியாகவும் ஜோடியாகவும் வளர்த்து அளந்த எண்களோடு ஒப்பிட்டார்கள். கையால் கவனமாகத் திருத்திய மாதிரிகளைத் தவிர மற்றவற்றில் கணக்கும் அளவும் ஒத்துப்போகவில்லை. இதைப் படித்துவிட்டு இந்தத் துறையே வீண் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கணிதம் தோற்கவில்லை, உள்ளே போட்ட அட்டவணை போதவில்லை. அட்டவணையைத் திருத்த வேண்டுமானால் யாரோ ஒருவர் அந்த பாக்டீரியாவை வளர்த்து, எந்தச் சர்க்கரையில் வளர்கிறது, எந்த வைட்டமின் இல்லாவிட்டால் நின்றுபோகிறது, எதை வெளியே விடுகிறது என்று பொறுமையாக அளக்க வேண்டும். பகட்டில்லாத இந்த வேலைக்குப் பணமும் கிடைப்பதில்லை, பெயரும் கிடைப்பதில்லை, செய்தியிலும் இடம் கிடைப்பதில்லை. புது மென்பொருள் வந்தால் தலைப்புச் செய்தி. ஒருவர் ஒரே ஒரு குடல் பாக்டீரியாவின் உணவுத் தேவையை முழுதாகக் கண்டுபிடித்தால் அது யாருக்கும் தெரியாமலே போகிறது. மாதிரிகள் கட்டுகிற நாங்கள் அவர்கள் அளந்த எண்களை வைத்துத்தான் பிழைக்கிறோம்.

இதெல்லாம் ஆய்வாளர்களின் உள்விவகாரம் என்று தோன்றலாம். ஆனால் மலத்தைப் பரிசோதித்து, அதில் இருக்கும் பாக்டீரியாப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் போட்டு, உங்களுக்கென்றே தனி உணவுத் திட்டம் தருகிறோம் என்ற விளம்பரங்கள் பெருகிவிட்டன. உணவைக் கொண்டு கூட்டத்தின் போக்கை மாற்ற முடியும் என்ற கருத்தை நான் மனதார நம்புகிறேன், மேலே எழுதியதெல்லாம் அதற்கான ஆதாரம்தான். அதே நம்பிக்கையால்தான் சொல்கிறேன், இன்றைய மாதிரிகள் ஒரு தனி மனிதருக்கு இதைச் சாப்பிடு, அதைத் தொடாதே என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இன்னும் வரவில்லை. ஒரு குடல் கூட்டத்தில் நூற்றுக்கணக்கான இனங்கள், அவற்றில் கையால் திருத்திய மாதிரி இருப்பவை கொஞ்சம், அந்த மனிதரின் பெருங்குடலுக்கு அன்றைக்கு உண்மையில் எந்தச் சத்து எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதும் ஊகம். இந்த மூன்று தெரியாதவைகளையும் பெருக்கி வரும் விடையைத் தசம இடங்களோடு அச்சடித்துக் கொடுத்தால் மக்கள் நம்பத்தான் செய்வார்கள்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி நுண்ணுயிர்க் கூட்டம் பற்றிய ஆய்வுச் செய்தி வரும்போது, கம்ப்யூட்டர் கணித்தது என்று எழுதுவதற்கு முன் அந்தக் கணக்கில் என்ன உணவு கொடுத்தார்கள், ஆக்சிஜன் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று ஆய்வாளரிடம் கேட்டு அதையும் செய்தியில் சேருங்கள். மாதிரி தானாகத் தயாரானதா, யாராவது திருத்தினார்களா என்றும் கேளுங்கள். கணித்ததைத் தட்டில் வளர்த்துப் பார்த்தார்களா என்ற கேள்வியை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள், இல்லை என்று பதில் வந்தால் அந்த இல்லையையும் அச்சிடுங்கள், அதனால் செய்தியின் மதிப்பு குறைந்துவிடாது. முடிந்தால், ஒரே ஒரு பாக்டீரியாவை வருடக்கணக்கில் வளர்த்து அளக்கிறவர்களில் ஒருவரைத் தேடிப்பிடித்து ஒரு முழுப்பக்கப் பேட்டி போடுங்கள். கணக்குப் பகுதியைச் சரிபார்க்க ஆள் தேவைப்பட்டால் நான் சம்பளம் எதுவும் எதிர்பார்க்காமல் செய்துதரத் தயார்.

இப்படிக்கு,
உங்கள் அறிவியல் பக்க வாசகர்